கால் கட்டைச் சுருதி

குளித்துக்கொண்டிருக்கிறாராம். குளிக்கட்டும், என்ன அவசரம், பதினேழு வருஷம் எட்டிப் பார்க்காதவள் இன்னும் பதினேழு நிமிஷம் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவேன் என்று தைலாம்பாள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மூன்று மாடி ஏறியதில் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. லிஃப்ட் இல்லாத வீட்டில்தான் ராமதுரை குடியிருக்கிறார் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் அவருக்கு எந்தக் கடை வெற்றிலை பிடிக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தவள், பார், வீட்டுக்கு மாடிப்படி உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஆகிவிட்டது. மருமகள் சியாமளா ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "இதோ வந்துடுவார் மாமி. நீங்க வரேள்னு போன் வந்ததிலேருந்து அப்பாவுக்கு நிலைகொள்ளலே, ஷேவிங்கே ரெண்டு தடவை பண்ணிண்டார்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். ரெண்டு தடவை ஷேவிங். அடப் பாவமே. இதைக் கேட்பதற்கா வந்தோம்? சமையலறையில் மிக்ஸி ஓடியது. தேங்காய்த் துவையலாக இருக்கும். மிக்ஸி ஒன்றே முக்கால் கட்டைச் சுருதியில் ஓடுகிறது என்று காது அதுபாட்டுக்குச் சொன்னது. இந்தக் காதுக்கு வேறு வேலையில்லை, ஃபேன் என்ன சுருதி, ஆட்டோ என்ன சுருதி, குக்கர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, இதுதான் ஆயுசு பூராவும் அதற்குப் பிழைப்பு. மடியில் பை கனத்தது. வெற்றிலை பாக்கு, ஆறு ஆப்பிள், சாத்துக்குடி, அங்கவஸ்திரம், அதற்கு மேல் டிரஸ்டின் கடிதம். விருதுக்கு அழைப்பதென்றால் நேரில் போய்த் தட்டில் வைத்துக் கூப்பிடுவது என்று அவளே ஏற்படுத்திய வழக்கம். இதுவரை விருது வாங்கிய ஒன்பது பேரையும் அப்படித்தான் போய்க் கூப்பிட்டாள்.

கடிதத்தை எழுதியது, பாட்டு வித்வானாக இருந்து காலமான அவள் புருஷன் பெயரில் நடக்கிற டிரஸ்டின் செகரட்டரி கோதண்டம். ஆவூர் பஞ்சநதம் நினைவு விருது இவ்வாண்டு மிருதங்க மேதை ராமதுரை அவர்களுக்கு. பஞ்சநதம் அவர்களுக்கும் இவருக்கும் முப்பதாண்டுக் காலம் நிலவிய இசைத் தோழமையைப் போற்றும் வகையில். நிலவியதாம்! நிலவிக்கொண்டிருந்ததை முறித்தது யார் என்று கோதண்டத்துக்கு என்ன தெரியும், நேற்றுப் பிறந்த மனுஷன். "மாமி, பாட்டுக்குக் குடுத்துட்டோம், வயலினுக்குக் குடுத்துட்டோம், வீணைக்கு, புல்லாங்குழலுக்கு, ஹரிகதைக்குக்கூடக் குடுத்துட்டோம். மிருதங்கத்துக்கு மட்டும் ஏன் மாமி ஒரு தடவைகூடக் குடுக்கலே?" என்று கமிட்டியில் எல்லார் எதிரிலும் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, பெயரையும் அவரே சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். மூன்று ராத்திரி தூங்கவில்லை. நான்காம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது தீர்மானம் வந்தது. சொல்லிவிடுவது. அந்த மனுஷன் மேடையேறிப் பஞ்சநதத்தின் படத்துக்கு அடியில் நின்று மாலை வாங்கிக்கொள்வதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுப்பதற்கும் முன்னால், சொல்லிவிடுவது. ராமதுரை, அன்னிக்குச் சுருதியை எறக்கினது நான்தான். அவ்வளவுதானே? காரில் வரும்போது உதட்டுக்குள்ளேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். எறக்கினது வரைக்கும் வருகிறது. நான்தான் என்கிற இடத்தில் வார்த்தை மாட்டிக்கொள்கிறது. சோபாவுக்கு அடியில் போன சாவியைத் துடைப்பத்தால் இழுக்கிற மாதிரி இழுத்தாலும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு அப்படி என்னதான் நடந்துவிட்டது என்று யாராவது கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பதினேழு வருஷத்துக்கு முந்தின டிசம்பர் சீசன், சாயங்காலக் கச்சேரி, ஹால் நிரம்பி வாசல்வரை ஜனம். பஞ்சநதத்துக்கு அறுபத்தொன்பது வயது. மூன்று நாளாக ஜலதோஷம், மிளகுப் பாலும் சுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அறையில் எல்லாரும் ஒன்றரை கட்டைக்குச் சேர்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தார்கள். ஒன்றரை கட்டை என்பது பஞ்சநதத்தின் குரல் நிற்கிற உயரம், இருபத்திரண்டு வயதில் பிடித்தது, செத்தாலும் இறக்கமாட்டேன் என்பார். அவர் வயதுக்காரர்கள் ஒவ்வொருத்தராக ஒரு கட்டைக்கு இறங்கியபோது, "அவாவா சௌகரியம்" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் விரோதியானார்கள். சுருதிப் பெட்டி வேண்டாம், தம்புராதான் வேண்டும், அதுவும் தைலாதான் போடவேண்டும். முப்பது வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு தந்தியை மீட்டியிருக்கிறாள். அவர் முகத்தைவிட முதுகுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும். சபா காரியதரிசி வரவேற்புரையை வளர்த்துக்கொண்டே போனார். பஞ்சநதம் வாய்க்குள்ளேயே மேல் ஸ்தாயியைத் தொட்டுப் பார்த்தார். அது பழந்துணி மாதிரிக் கிழிந்தது. ஒருத்தருக்கும் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. பின்னங்கழுத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு எழும்பியதைப் பார்த்தாள். இந்த ஹாலில் இத்தனை பேருக்கு முன்னால் இந்த மனுஷன் உடைந்துபோவார், அதற்கப்புறம் வீட்டில் இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தாள். கை பிருடைக்கு, தம்புராத் தந்தியை முறுக்குகிற ஆணிக்கு, போயிற்று. ஒவ்வொரு தந்தியாக, மெள்ள, கால் கட்டை. தம்புராக்காரி பிருடையைத் திருகினால் யார் பார்க்கப்போகிறார்கள்? மேடையில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்கமாட்டார்கள். வயலின்காரர் மட்டும் கவனித்தார். முப்பது வயது, பிழைக்கத் தெரிந்தவர். தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் தன்னுடையதையும் இறக்கிக்கொண்டார். ராமதுரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ பெரியவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நாலு விநாடி முன்னால் திரும்பியிருக்கக்கூடாதா? திரும்பியிருந்தால் கண்ணாலேயே முடிந்திருக்குமே.

முதல் பாட்டாக வர்ணம் ஆரம்பித்தது, மிருதங்கம் சேர்ந்தது, சேரவில்லை. தொப்பி ஒரு பக்கம் தலை ஒரு பக்கம் என்று அது தனியாக நின்றது. ராமதுரை தாளம் ஒரு ஆவர்த்தம் சுற்றி வரும்வரை பொறுத்தார், இரண்டு பொறுத்தார், வர்ணம் முடிந்ததும் குனிந்து, மரியாதையாகத்தான், "அண்ணா, சுருதி எறங்கியிருக்கே" என்றார். பாழாய்ப்போன மைக் அதைப் பிடித்து ஹால் முழுக்கக் கொட்டியது. நாலு பேர் களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சநதத்தின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தாள். வயலின்காரரைக் கேட்டார். "சரியா இருக்குண்ணா" என்றார் அந்த உத்தமர். அப்புறம், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, மேடையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "தைலா, சுருதி சரியா இருக்கா?" ஹாலே அவளைப் பார்த்தது. ராமதுரையும் பார்த்தார், நம்பிக்கையோடு, நம்ம மன்னி சொல்லட்டும் என்கிற மாதிரி. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தைலாம்பாள் மனசுக்குள் ஒதுங்கி வேறு பக்கமாகப் போய்விடுவாள், ஆனால் இன்றைக்கு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒதுங்க இடமில்லை. பயம்தான், புருஷனைக் காப்பாற்றத்தான், எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு விநாடி இனித்தது. அழைப்பிதழில் பேர் போடாதவள், அறிவிப்பில் சொல்லாதவள், பொன்னாடை போர்த்தும்போது விட்டுப்போகிறவள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் அதுதான் தீர்ப்பு. அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே, "சரியாத்தான் இருக்கு" என்று சொன்னாள். பஞ்சநதம் மைக்குக்குத் திரும்பி, "ராமதுரை காதுக்கு வயசாயிடுத்து, நமக்கு இன்னும் ஆகலே" என்றார். அப்பப்பா, என்ன கைதட்டல். ராமதுரை கல்லை எடுத்து வளையத்தைக் கீழேயிருந்து தட்டித் தட்டி மிருதங்கத்தை இறக்கினார். ஒவ்வொரு தட்டும் அவள் நெஞ்சில் விழுந்தது. அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்து பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஓரமாக வாசித்துவிட்டு, உறையைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போன உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் பஞ்சநதம் எப்படி வந்தார் தெரியுமா? கொஞ்சம் முன்னால் கிழிந்துபோன குரல், கால் கட்டை இறக்கத்தில் தாராளமாக விரிந்து, மேல் பஞ்சமத்தில் நின்று விளையாடிவிட்டதே! ஜலதோஷம் போன இடம் தெரியவில்லை. மூன்று தோசை சாப்பிட்டார். "தைலா, பாத்தியா, எப்படி வழுக்கிண்டு போச்சு! பகவான் திருப்பிக் கொடுத்துட்டான்டீ!" என்று கண்ணில் ஜலம் வைத்துக்கொண்டார். பகவான் கொடுத்ததைத் தைலா கொடுத்தது என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம். அடுத்த வாரம். சீசன் முடியட்டும். அதற்குள் பஞ்சநதம், "என் சாரீரத்தை மேடையிலே சந்தேகப்பட்டவன் இனிமே எனக்கு வேண்டாம்" என்று வேறு மிருதங்கம் வைத்துக்கொண்டுவிட்டார். அப்புறம் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார். சொல்லாதது ஒன்று, ஏன் சொல்லவில்லை என்பது இன்னொன்று, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று என்று பொய் குட்டி போட்டது. அதற்கப்புறம் உள்ளே அறையிலேயே, எல்லாரும் வருவதற்கு முன்னால், அவள் தம்புராவை இறக்கிச் சேர்த்து வைத்துவிடுவாள், யாரும் கேட்கவில்லை, கேட்ட ஒருத்தர் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தார்களே. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கடைசியில் ஒரு கட்டைக்கும் கீழே வந்தது. அவர் போன மறுநாள் பேப்பரில், எழுபத்தாறிலும் ஒன்றரை கட்டை இறங்காத சாரீரம் என்று போட்டார்கள். அதை வெட்டி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று சில நாள் தோன்றும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரோ, நான் அவருக்காக நடிக்க, அவர் எனக்காக நடித்தாரோ. இனிமேல் கேட்கவா முடியும்?

அவர் போன பிறகுதான் தைலாம்பாள் பெரிய மனுஷி ஆனாள். வீட்டு முன்ஹாலை இடித்துக் கச்சேரி ஹாலாக்கினாள், டிரஸ்ட் வைத்தாள், விருது வைத்தாள். இப்போது பொன்னாடை அவளுக்குத்தான் முதலில். கலைப் புரவலர் என்று எழுதுகிறார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு மிருதங்கம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு திட்டம். "மாமி, உங்களுக்கு மிருதங்கத்து மேலே என்ன அப்படி ஒரு பிரியம்?" என்று ஒரு டிவிக்காரி கேட்டாள். என்ன பதில் சொன்னாள், ஏதோ லயம், நாதம் என்று உளறினாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளுக்கு என்ன பிரியம் இருக்கும்? ராமதுரைக்கு அதற்கப்புறம் கச்சேரியே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். பஞ்சநதம் ஒதுக்கியதால் மற்றவர்களும் பயந்து ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நாலு பெரிய வித்வான்களிடம் போய், ராமதுரையைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவள் சொன்னால் தட்டமாட்டார்கள், ஏன் சொல்லவில்லை? ராமதுரை மறுபடி மேடைக்கு வந்தால் யாராவது பழைய கதையைக் கிளறுவார்கள், அதனால்தான். சொல்லு, வெட்கப்படாமல் சொல்லு, அதனால்தான். இன்றைக்குச் சொன்னால் என்ன செய்வார்? கத்துவாரோ. வெளியே போ என்பாரோ. பேப்பருக்குப் போவாரோ, ஃபிரேமில் இருக்கிற ஒன்றரை கட்டை சந்தி சிரிக்குமோ. சிரிக்கட்டும். இல்லை, சிரிக்கக்கூடாது, பாவம், பஞ்சநதம் என்ன செய்தார். எழுந்து போய்விடலாமா? பையை இங்கேயே வைத்துவிட்டு, அவசர வேலை என்று சியாமளாவிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தைலாம்பாள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வாங்கோ மன்னி! என்ன இது, இத்தனை மாடி ஏறிண்டு, சொல்லியனுப்பினா நான் வந்திருக்க மாட்டேனா?" நெற்றி நிறைய விபூதியும் சலவை வேஷ்டியுமாக ராமதுரை வந்தார். இளைத்திருந்தார். கன்னத்தில் ஷேவிங் வெட்டு. நமஸ்காரம் செய்யக் குனிந்தவரைத் தைலாம்பாள் பதறித் தடுத்தாள். தோளைப் பிடித்தபோது கையில் எலும்புதான் அகப்பட்டது. உட்காரவைத்து, முதலில் சொல்லவேண்டும், முதலில் சொல்லவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ள, கை பாட்டுக்குக் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டது. அவர் வாங்கினார். விரல்கள் முடிச்சு முடிச்சாக வீங்கி, உறையைப் பிரிக்கவே தடுமாறின. கடிதத்தைத் தள்ளிப் பிடித்து முழுக்க வாசித்தார், மடித்தார், மடியில் வைத்துக்கொண்டார். "உங்க கையாலே வரது, பிரசாதம் மாதிரி. ஆனா எனக்கு இது வேண்டாம் மன்னி. வாசிக்காதவனுக்கு எதுக்கு விருது?"

"அவர் உங்களைக் கூப்பிடாம விட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"சேச்சே, அண்ணா கூப்பிடலேன்னா நான் நிறுத்தினேன்? நாலு பேர் வீடு தேடி வந்து கூப்பிட்டா. நான்தான் போகலே." அவர் காது மடலைத் தொட்டுக் காண்பித்துச் சிரித்தார். "இது போயிடுத்து. அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. அண்ணா மட்டும் சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். வயலின் சொன்னதையும் நான் லட்சியம் பண்ணியிருக்க மாட்டேன். நீங்க சொன்னேள். முப்பது வருஷம் உங்க தம்புராவைக் கேட்டுண்டுதானே என் மிருதங்கத்தைச் சேர்த்திருக்கேன்? ஊரே பொய் சொல்லும், மன்னி சொல்லமாட்டா. ஆத்துக்கு வந்து ராத்திரி பூரா யோசிச்சேன். சுருதி தெரியாதவன் மிருதங்கத்தைத் தொடறது பாவம். டாக்டர்கிட்டே போனேன், காது நன்னா இருக்குங்கறான். அவனுக்கு என்ன தெரியும், ஹாரன் கேக்கறதான்னு பாப்பான், சுருதி கேக்கறதான்னா பாப்பான்? சொல்லிக்கொடுக்கறதையும் விட்டுட்டேன். தப்பாச் சொல்லிக்கொடுத்து நாலு குழந்தைகளைக் கெடுக்கவா?"

தைலாம்பாளுக்கு ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தம், தெருச் சத்தம் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது. கச்சேரியைப் பிடுங்கிவிட்டோம் என்றுதானே நினைத்திருந்தாள்? கச்சேரி என்ன கச்சேரி, காதையே அல்லவா பிடுங்கி வைத்திருக்கிறாள்! பதினேழு வருஷம் இந்த மனுஷன் தன்னுடைய காதைத் தானே நம்பாமல் இந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். ஐயோ, தெய்வமே.

"கால் கட்டை எறக்கியிருந்தேன்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "அன்னிக்கு. மேடையிலே. சபா காரியதரிசி வரவேற்புரை பேசிண்டிருக்கச்சே. நான்தான் ராமதுரை. உங்க அண்ணாவுக்குத் தொண்டை கிழிஞ்சுது, யாருக்கும் தெரியாம எறக்கினேன். உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலே. நான் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று தைலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், காத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

"கால் கட்டையா?"

"ஆமாம்."

"கால்தானே? அரை இல்லையே?"

"கால்தான்."

"எனக்கும் கால்னுதான் கேட்டுது!" என்று ராமதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் பல்லாக, "சியாமளா! ஏ சியாமளா! இங்கே வா! எறங்கித்தாம்மா இருந்ததாம், மன்னி சொல்றா! கால் கட்டை! நான் சொன்னேனே, கால்னு சொன்னேனே!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். கரண்டியும் கையுமாக ஓடிவந்த சியாமளா மாமனாரையும் தைலாம்பாளையும் மாறி மாறிப் பார்த்தாள். தைலாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துத் தாங்குவது?

கொஞ்ச நேரம் கழித்து அவர் உட்கார்ந்தார். சிரிப்பு மெள்ள மெள்ள அடங்கியது. வீங்கின விரல்களை மடக்கிப் பார்த்தார், பாதிக்கு மேல் மடங்கவில்லை. "அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"தெரியலே. தெரியாதுன்னுதான் நினைக்கறேன்."

"தெரியாமலே இருக்கட்டும்" என்றார், பஞ்சநதம் பக்கத்து அறையில் படுத்திருப்பது போலத் தணிந்த குரலில். அப்புறம் கோபமே இல்லாமல், கணக்குத் தப்பிய குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். "ஏன் மன்னி, எங்கிட்டே மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மறுநாள் காலம்பற போன் பண்ணி, இந்த மாதிரி ராமதுரை, அவருக்கு முடியலேன்னு சொல்லியிருந்தா, நானும் கால் கட்டை எறக்கி ஒரு மிருதங்கம் கட்டி வெச்சிண்டு கடைசிவரைக்கும் அண்ணாவுக்கு வாசிச்சிருப்பேனே. ஒருத்தர்கிட்டேயும் மூச்சு விட்டிருக்க மாட்டேனே."

தைலாம்பாள் அவருடைய வீங்கின விரல்களைப் பார்த்தாள். எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறாள், இந்தப் பதினேழு வருஷத்தில் இது ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.